ஒத்திகைக்குப் போனவர்கள்

கோகந்த் நகரத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து முலாம்பழம் விற்பவர் வரை எல்லோருக்கும் அதுதான் வாகனம். ஆனால் சைக்கிளில் சந்தைக்குப் போவது வேறு, பாமீர் மலையைத் தாண்டுவது வேறு என்பது இக்ரோம்ஜானின் கட்சி. அந்த வித்தியாசத்தை அவர் மூன்று வருஷமாக விளக்கிக்கொண்டிருந்தார். தெருமுனையைத் தாண்டியபாடில்லை.

பயணம் போகலாம் என்று முதலில் சொன்னது அவர் மனைவி மவ்ஜுதா. மகள் ஷஹ்லோவைக் கட்டிக்கொடுத்து ஃபெர்கானாவுக்கு அனுப்பிய மறுநாள், மீந்துபோன புலாவுக்கு முன்னால் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டிருந்தது. இக்ரோம்ஜான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். மௌனத்தைத் தாங்கமுடியாமல், ஒரு மெஷினின் டிரம் ஏன் குதிக்கிறது என்று தேநீர் ஆறும்வரை சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த மவ்ஜுதா, நாம இரண்டு பேரும் எங்காவது தூரமாகப் போகலாமா என்று கேட்டாள். வெளிநாட்டு ஜோடிகள் மூட்டை கட்டிய சைக்கிளில் அவர்கள் ஊர் வழியாகப் போவதைக் கோடைதோறும் பார்க்கிறவள் அவள். அந்தப் பெண்களின் வெயிலில் உரிந்த மூக்கைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

இக்ரோம்ஜான் அன்றே சம்மதித்தார். வழியும் அன்றே முடிவாயிற்று. மேற்கே போனால் தஜிகிஸ்தான். அங்கே குஜந்த், துஷான்பே, பிறகு மலைமேல் ஏறி முர்காப். இறங்கினால் கிர்கிஸ்தானில் ஓஷ். அப்படியே வடக்கே சுற்றி கஜகஸ்தான், தாஷ்கந்த் வழியாகத் திரும்ப வீடு. ஒரே கோடையில் முடித்துவிடலாம்.

முதல் கோடையில் அவர் சைக்கிள்களைப் பிரித்தார். திரும்ப மாட்டி முடிப்பதற்குள் மலைக் கணவாய்களில் பனி விழுந்துவிட்டது. இரண்டாவது கோடையில் உதிரி பாகங்கள் சேர்த்தார். ஒரு செயினுக்கு ஒரு மாற்றுச் செயின், அந்த மாற்று அறுந்தால் இன்னொன்று, இரண்டும் தொலைந்தால் என்ன செய்வது என்று மூன்றாவது. பிறகு இவ்வளவையும் சுமந்தால் டயர் தாங்காது என்று கூடுதல் டயர். கூடுதல் டயரின் பாரத்தில் கேரியர் வளையும் என்று கூடுதல் கேரியர். மவ்ஜுதா ஒருநாள், பேசாமல் மூன்றாவதாக ஒரு சைக்கிளை மடித்து எடுத்துப் போகலாமே என்று கிண்டலுக்குச் சொன்னாள். அவர் அதை ஒரு வாரம் யோசித்தார்.

கூடாரத்தைப் பழகவேண்டும் என்று முற்றத்தில் திராட்சைப் பந்தலின் கீழ் அதை அடித்து அதிலேயே தூங்கினார்கள். விஷயம் தெருவில் பரவிற்று. சொந்த வீட்டு வாசலில் குடியிருப்பவர்களையும் விருந்தாளியாகத்தான் நடத்தவேண்டும் என்று தெருப் பெண்கள் எப்படியோ முடிவுகட்டி, தட்டுத் தட்டாகச் சம்சாவும் சூப்பும் கொண்டுவந்தார்கள். காட்டில் சிக்கனமாகச் சமைக்கப் பழகவேண்டியவர்கள் அந்தக் கூடாரத்தில் எடை கூடினார்கள்.

மவ்ஜுதாவின் நிலைமை இன்னும் கேவலம். அவள் வேலை பார்த்த மருந்துக் கடையில் முதல் வருஷம் நீண்ட விடுப்பு கேட்டபோது கேக் வெட்டி, கண்ணீர் விட்டு, ஒரு டார்ச் விளக்கு பரிசளித்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வேலைக்கு வந்து நின்றாள். இரண்டாவது வருஷமும் கேக், டார்ச், திங்கட்கிழமை. இந்த வருஷம் அவள் விடுப்புக் கேட்டதும் முதலாளியம்மா, "போய்ட்டு வா கண்ணு, ஆனா கேக்கை நீ திரும்பி வந்தப்புறம் வெட்டிக்கலாம்" என்றாள்.

இந்த வருஷம் போகாவிட்டால் இனி இல்லை என்பது மவ்ஜுதாவுக்குத் தெரியும். குளிர்காலத்தில் ஷஹ்லோவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அப்புறம் தொட்டில் விருந்து, பல் விருந்து, பெயரனுக்குச் சளி, பேத்திக்குக் காய்ச்சல். பாமீரை அவள் டிவியில்தான் பார்க்கவேண்டும். அது மட்டுமல்ல. இருபத்தைந்து வருஷமாகக் கூட்டுக் குடும்பத்திலும் விருந்து வேலையிலும் யாராவது ஒருவர் நடுவில் நிற்க நிற்கவே குடித்தனம் செய்தாகிவிட்டது. அந்த மனிதரோடு ஒருதடவை தனியாக இருந்து பார்க்க ஆசைப்பட்டாள். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் மலை, மலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் பிறந்தது. மரத்தில் சர்க்கரை பாதாமிப் பழம் பழுத்து உதிரத் தொடங்கியது. இக்ரோம்ஜான் கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி என்றார். முழுச் சுமையோடு மேற்கே பக்கத்து ஊரான பெஷாரிக் வரை ஓட்டிப் போய், அங்கே தேநீர் குடித்துவிட்டு, மாலைக்குள் வீடு திரும்பவேண்டும். அதில் எது ஆடுகிறது, எது உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகு கிளம்பும் தேதியை யோசிக்கலாம். மவ்ஜுதாவுக்கு அந்த 'யோசிக்கலாம்' நன்றாகப் பழக்கப்பட்டது. 

சுமை விஷயத்தில் மட்டும் அவர் கறார். செங்கல்லை வைத்துக் கட்டி ஓட்டுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது, நிஜமாகப் போகும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருக்கவேண்டும் என்று சொல்லி ஒன்றுவிடாமல் ஏற்றினார். கூடாரம், அடுப்பு, கம்பளிச் சட்டை, மருந்துப் பை, மூன்று செயின், உலர்ந்த தயிர் உருண்டைகள், அல்வா. பாஸ்போர்ட்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வைத்தார். அது என்ன கனமா கனக்கப்போகிறது என்று மவ்ஜுதா கேட்டதற்கு, சோதனை என்றால் சோதனை என்றார்.

வியாழக்கிழமை காலை இரண்டு சைக்கிளையும் கதவுக்கு வெளியே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். இக்ரோம்ஜான் குனிந்து முன் சக்கரத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் அவருடைய அக்கா ஓயிம்கான். கூடாரத்து நாட்களில் தினமும் சூப் கொண்டுவந்தவர். அறுபது வயதுக்காரர், தெருவில் யாருக்கு எப்போது சுன்னத்து, யாருக்கு எப்போது கல்யாணம் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும்.

அவர் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

அவர்கள் தெருவில் மூட்டை கட்டியவன் ஊருக்குப் போகிறவன். ஒத்திகை என்பது கல்யாண வாத்தியக்காரர்களுக்குத்தான் உண்டு. சாகிறதற்கும் பயணம் போகிறதற்கும் யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. எனவே ஓயிம்கான் அக்கா வேறு எதையும் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் ஓடினார். தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி இரண்டைத் துணியில் ஏந்திக்கொண்டு, "சொல்லாமக் கொள்ளாமப் போறியாடா பாவி" என்று அழுதுகொண்டே வந்தார்.

இக்ரோம்ஜான் நிமிர்ந்து, விஷயத்தை விளக்குவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாயில் ரொட்டி நுழைந்தது.

ரொட்டி வாய்க்கு வந்தால் கடித்துத்தான் ஆகவேண்டும். வேண்டாம் என்று தள்ளுவது ரொட்டிக்கும் அவமரியாதை, அக்காவுக்கும் அவமரியாதை. அவர் கடித்தார். சுடச்சுட இருந்ததால் கண்ணில் நீர் வந்தது. தம்பியும் அழுகிறான் என்று பார்த்த அக்கா இன்னும் சத்தமாக அழுதார். கடித்த மிச்சத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது இனி அவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். போனவன் நல்லபடியாகத் திரும்பிவந்து அதைத் தின்று முடிக்கும்வரை தொங்கும். பட்டாளத்துக்குப் போன பையன்களின் ரொட்டி எல்லாம் அந்த ஆணியில் தொங்கியதுதான்.

அடுத்த ரொட்டி மவ்ஜுதாவிடம் வந்தது. "அக்கா, நாங்க இன்னிக்கு சும்மா…" என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. நேரம் நன்றாகவே இருந்தது. அவள் இக்ரோம்ஜானின் முகத்தைப் பார்த்தாள். அவர் மென்றுகொண்டே, நீயாவது சொல்லு என்று புருவத்தால் கெஞ்சினார். அவள் குனிந்து, ரொட்டியில் வாய்கொள்ளும் அளவுக்குப் பெரிய கடியாகக் கடித்தாள்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. பேட்டையின் மஹல்லா தலைவர் பாதிச் சவரத்தோடு வந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு நின்று இரு கைகளையும் விரித்து, மலையில் பாதையும் பாதையில் நல்ல மனிதர்களும் அமையட்டும் என்று நீளமாகத் துவா செய்தார். எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். இக்ரோம்ஜானும் தடவிக்கொண்டார். ஆமீனுக்குப் பிறகு அது ஒத்திகைதான் என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்குத் தைரியம் வரும்? போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். சைக்கிள்கள் நகர்ந்தன.

தெரு மறையும்வரை இக்ரோம்ஜான் ரொட்டியை மென்றுகொண்டே மிதித்தார். பெரிய சாலைக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்தினார்.

"நீ ஏன் சொல்லல?"

"வாய்ல ரொட்டி இருந்துச்சுங்க."

"அதுக்கு முன்னாடி இல்லையே."

"வரப்போவுதுன்னு தெரிஞ்சுதே."

அவர் மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். கோகந்துக்குக் காற்றூர் என்று பெயர் வாங்கிக்கொடுத்த மேல்காற்று அன்றைக்கு நேர் எதிராக அடித்தது. கிழக்கே போகிறவனைத் தள்ளிக்கொண்டு போய்விடும், மேற்கே போகிறவனை நெஞ்சில் கைவைத்து 'எங்கே போகிறாய்' என்று கேட்கும். இக்ரோம்ஜானுக்குக் காற்று தன் கட்சி என்று தோன்றியது. பருத்திக் காடுகளுக்கு நடுவே, மைல்கல்லுக்கு ஒருமுறை நின்று ஏதாவது மறந்திருக்கிறதா என்று பார்த்தார். எதையாவது மறந்திருந்தால் போதும், திரும்புவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

பம்ப் இருந்தது. பஞ்சர் பசை இருந்தது. மூன்றாவது செயின்கூட இருந்தது.

பெஷாரிக் சாலையோரத்தில் பெரிய நிழல்மரத்தின் கீழ் ஒரு தேநீர்க்கடை. உட்கார்ந்து சாப்பிட வாய்க்காலுக்கு மேலே கட்டில் போட்டிருந்தார்கள். மவ்ஜுதா கால்களை மடக்கி உட்கார்ந்து பச்சைத் தேநீரை, சாறு நன்றாக இறங்குவதற்காக, மூன்றுதரம் கிண்ணத்தில் ஊற்றித் திரும்பக் கெட்டிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இக்ரோம்ஜான் மட்டும் உட்காரவில்லை. எல்லாப் பைகளையும் அவிழ்த்து கட்டில்மேல் கொட்டினார். கடைக்காரர் தோஷ்மத், பெரிய வயிற்றுக்காரர், இவர் ஏதோ கடைபோட வந்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நின்றார். அடுப்பு என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றதும், பின்னே எதற்குப் பரப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எதை மறந்தோம்னு தேடறேன்" என்றார் இக்ரோம்ஜான்.

"மறந்தது இங்க எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு தோஷ்மத் சம்சா எடுக்கப் போய்விட்டார்.

கடைசியில் கிடைத்தது. துணி காயப்போடும் கிளிப்புகள் இல்லை. இக்ரோம்ஜானின் முகத்தில் அன்று காலையிலிருந்து முதல்முறையாக வெளிச்சம் வந்தது. கிளிப் இல்லாமல் மலையில் துணியை எப்படி உலர்த்துவது, அங்கே காற்று எப்படிப்பட்டது, ஒரு சட்டை பறந்து சீனாவுக்குள் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று மடமடவென்று சொன்னார். வாய்க்கால் கரையோடு பின்பக்கமாகப் போனால் தெருவில் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம், நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கலாம், ஐந்தாம் நாள் புதிதாகக் கிளம்பலாம் என்று திட்டமும் சொன்னார்.  மவ்ஜுதா தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். கிளம்பும்போதே வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன், வருகிறோம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

அவர் அக்காவின் எண்ணை அழுத்தினார்.

"எல்லை வந்துருச்சா தம்பி?" என்றார் ஓயிம்கான் அக்கா. பின்னணியில் பெண்கள் சிரிப்பதும் ஒரு ஆடு கத்துவதும் கேட்டது.

"இன்னும் இல்லக்கா. பெஷாரிக்ல டீ குடிக்கிறோம். அக்கா, ஒருவேளை நாங்க…"

"நல்லா சாப்பிட்டுப் போ. இங்க ஒண்ணும் கவலப்படாத. உன் வீட்டு முத்தம் பூரா பாதாமிப் பழத்தைக் காயப்போட்டாச்சு. எங்க வீட்டு மாடியில இடமே பத்தல. உங்க கூடத்துல பதினோரு பேரு உக்காந்து மெத்தை தைக்கிறாங்க. உங்க கட்டிலைத் தூக்கிச் சுவத்துல சாச்சுட்டேன்."

"ஆடு கத்துதே அக்கா."

"அது உன் பட்டறையில. நல்ல நெழலா இருக்குதுடா. ஒரு வாஷிங் மெஷினுக்குள்ள தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், குடிச்சுக்குது."

இக்ரோம்ஜான் போனைக் கட்டில்மேல் வைத்தார். அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி இன்னும் அரை நாள்கூட ஆகவில்லை.

அவர் முதல்முறையாக உட்கார்ந்தார். மவ்ஜுதா கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றி, மார்பில் கைவைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தார்.  கேலி செய்ய நிறைய இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இது கிளிப் விஷயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று செயின் விஷயமும் இல்லை.

"ஏங்க, மலைக்குப் பயமா?"

"மலைக்கு என்ன பயம். மலை என்ன பண்ணும்."

"பின்ன?"

அவர் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்லன்னா அக்கா இருக்கு, டிவி இருக்கு, யாராவது மெஷினைத் தூக்கிட்டு வந்துர்றாங்க. அங்க யாரு? நாலு மாசமும் நான் ஒருத்தன்தான். என்கிட்ட மொத்தமே மூணு ஜோக்குதான் இருக்கு மவ்ஜுதா. குஜந்த் போறதுக்குள்ள தீந்துரும். அப்புறம் உனக்குத் தெரிஞ்சுபோயிரும்."

"என்ன தெரிஞ்சுபோயிரும்?"

"நான் போரடிக்கிற ஆளுன்னு."

மவ்ஜுதா கெட்டிலை வைத்தாள். மூன்று வருஷமாக அவர் பெட்டி பெட்டியாக உதிரி பாகம் சேர்த்தது எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. வழியில் ஏதாவது உடைந்துகொண்டே இருந்தால் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும், அவளுக்குப் பார்ப்பதற்கு ஒரு காட்சி இருக்கும் என்று கணக்கு. சிரிப்பு வந்தது. பொது இடம் என்பதால் அவர் கையைத் தொடவில்லை. அவர் சட்டை நுனியில் ஒட்டியிருந்த பருத்திப் பஞ்சை எடுத்தாள். எடுத்த பிறகும் நுனியை விடவில்லை.

"மூணு இல்லைங்க, ரெண்டுதான். மூணாவது உங்க தம்பியோடது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ரெண்டையும் நான் இருபத்தஞ்சு வருஷமா கேக்கறேன்" என்றாள். "உங்களுக்கு எந்த இடத்துல மறக்கும்னுகூடத் தெரியும். போரடிக்கிற ஆளுன்னு தெரிஞ்சுதான் நாலு தேசம் கூப்பிட்டேன். வேற யாரு கூடவாவது போகணும்னா எப்பவோ போயிருப்பேனே, சைக்கிள்ல காத்தடிக்க மூணு வருஷமா காத்திருந்திருப்பேனா?"

இக்ரோம்ஜான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோஷ்மத் சம்சாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, வெங்காயம் காரமா என்று கேட்டார். இல்லை, நல்லா இருக்கு என்றார் இக்ரோம்ஜான். இன்னும் தொடவேயில்லை.

பிறகு அவர் சாமான்களைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். கட்டும்போது இரண்டாவது செயினைக் கையில் எடுத்து எடைபோடுவதுபோல ஆட்டிப் பார்த்து, தோஷ்மத்தின் சைக்கிளுக்குப் பொருந்துமா என்று கேட்டார். தோஷ்மத், தன்னிடம் சைக்கிள் இல்லை, கழுதைதான் என்றார். பரவாயில்லை, கழுதையைக் கட்டிவைக்கலாம் என்று அந்தச் செயினையும் மூன்றாவதையும் இக்ரோம்ஜான் அவர் கையில் போட்டார். கூடுதல் கேரியரையும் போட்டார். கடைக்காரர் இந்த மனிதரின் புத்தி சரியாகத்தான் இருக்கிறதா என்று மவ்ஜுதாவைப் பார்த்தார். அவள் சம்சாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சைக்கிள்களைச் சாலைக்கு உருட்டி வந்தார்கள். இடது பக்கம் கோகந்த். அந்தப் பக்கம் திரும்பினால் மிதிக்கவே வேண்டாம், காற்றே கொண்டுபோய் வீட்டில் தள்ளும். வலது பக்கம் அந்தர்கான் எல்லைச்சாவடி, அதைத் தாண்டி தஜிகிஸ்தானின் கோனிபோதோம், அதற்கப்பால் தூசியில் மங்கலாக மலை. மவ்ஜுதா வேண்டுமென்றே பின்தங்கி, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். தான் முன்னால் போனால் அவர் பின்னால் வருவார், அவ்வளவுதான். அது அவளுக்குப் போதவில்லை. நிமிராமல் சக்கரங்களின் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

அவர் சைக்கிள் சிறிது நேரம் நின்றது. பிறகு கிளம்பியது. காற்றோடு போகும் சைக்கிளுக்குச் சத்தம் இருக்காது. இது முனகியது, கேரியர் கிறீச்சிட்டது, ஓட்டியவர் பெருமூச்சு விட்டார்.

மவ்ஜுதா நிமிர்ந்தாள். வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் அவர் முதுகு காற்றுக்கு எதிராக வளைந்து, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சட்டை பலூன்போல உப்பியிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

"வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"

அவள் ஏறி மிதித்தாள். காற்று மண்ணை வாரி வாயில் போட்டது. மூச்சு வாங்க அவரை எட்டிப் பிடித்து, இரண்டு தம் மிதித்து முந்தியும் விட்டாள்.

"மெதுவா போ" என்றார் அவர் பின்னாலிருந்து. "இப்பதானே கெளம்பியிருக்கோம்."